தாண்டாமல் போனவன்

அம்மன் கழுத்தடியிலிருந்து பெயர்ந்து விழுந்தது வெறும் சந்தனக் கட்டி என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். ஒரகடம் போகும் சாலையை அகலப்படுத்துவதால் கோயிலைப் பின்னால் தள்ளிக் கட்ட வேண்டியிருந்தது. சிலையை எடுத்துத் தகரக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். பழைய காப்பைக் கரைப்பதற்கு மாமல்லபுரத்திலிருந்து ஒரு சிற்பி வந்திருந்தார். மூன்று தலைமுறைச் சந்தனமும் மஞ்சளும் கல்லோடு கல்லாக இறுகிக் கிடந்தன. தயிரும் நல்லெண்ணெயும் பூசி ஊறவைத்து, மூங்கில் பத்தையால் அவர் மெல்ல நெம்பியபோது உள்ளங்கை அகலக் கட்டி ஒன்று ஈரத்துணியில் விழுந்தது. அவர் அதை எடுத்து இரண்டாகப் பிட்டார். உள்ளே, அறுந்த மஞ்சள் கயிற்றின் நுனியோடு, அம்மனின் தாலிப் பொட்டு இருந்தது.

பொன் கறுக்கவில்லை. நேற்றுத்தான் தட்டான் கையிலிருந்து வந்தது போல மின்னியது.

தணிகாசலம் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். அந்த ஊரில் முதல் மரியாதை அவர் குடும்பத்துக்கு. பரிவட்டம் கட்டிக்கொள்ளும் தலை அவருடையது. அறுபது வயதிலும் முதுகு வளையாத மனிதர். எதையும் ஒரு தடவைக்கு மேல் சொல்லிப் பழக்கமில்லாதவர். இரண்டாம் தடவை சொன்னால் முதல் தடவை சொன்னதற்கு மதிப்பில்லை என்பது அவர் எண்ணம். அவர் அந்தப் பொட்டைப் பார்த்தார். அவருடைய தாத்தா செய்துபோட்ட பொட்டு. ஓரத்தில் நெல்மணி அளவு நசுங்கல் இருக்கும். இருந்தது.

கோயில் கமிட்டித் தலைவர் ரகுபதிதான் முதலில் கையைக் கூப்பினார்.

"அம்மா கழுத்த வுட்டு அது எங்கியும் போவல பாரு."

உடனே எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். தணிகாசலம் மட்டும் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். வீட்டுக்குப் போகும் வழியில், காரணமில்லாமல், தன் வலது கைக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

ஏழு ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாளில் அம்மனுக்குக் காப்புச் சாத்தியது அந்த விரல்தான். சாத்துகிற உரிமை குடும்பத்தில் மூத்தவனுக்கு. கோயில் சாவி மட்டும் அண்ணன் தம்பிக்குள் ஆண்டுக்கு ஒருவர் என்று மாறும். அந்த ஆண்டு சாவி தம்பி நாகப்பனிடம் இருந்தது. மின்சாரம் போயிருந்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தணிகாசலம் சந்தனத்தை வழித்து வழித்து அப்பினார். கழுத்து மடிப்பில் கட்டைவிரலால் அழுத்தினார். மறுநாள் காலை பழைய தாலிக் கயிற்றைக் கழற்றிப் புதுக்கயிறு மாற்றப் போனபோது, கயிறு பாதியில் அறுந்து தொங்கியது. பொட்டு இல்லை.

தேடாத இடமில்லை. கருவறைத் தரையைக் கழுவிய தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டிப் பார்த்தார்கள். ஆனால் அம்மன் மேனியில் அப்பிய காப்பை மட்டும் யாரும் தொடவில்லை. அம்மன் உடம்பில் நகம் படக்கூடாது, காப்பு தானாக உதிர வேண்டுமே தவிரச் சுரண்டக்கூடாது. இது அவர்கள் குடும்பத்து வழக்கம். அந்த வழக்கத்தை ஊருக்குச் சொன்னவர்களே அவர்கள்தான்.

ஊர் கூடியது. கதவுப் பூட்டு உடையவில்லை. ரகுபதி யாரையும் பார்க்காமல் பேசினார். "பூட்டு நல்லாத்தான் கீது. சாவி ஒரே எடத்துல தான் இருந்துது. நான் யாரையும் சொல்லலப்பா."

சொல்லாமலே சொன்ன அந்தச் சொல் தணிகாசலத்தின் நெற்றியில் அடித்தது. தம்பி எடுத்திருப்பான் என்று அவர் ஒரு கணம்கூட நினைக்கவில்லை. அதுதான் பின்னால் அவரை அதிகம் வதைத்தது. சந்தேகம் இருந்திருந்தால் தம்பியைத் தனியாக அழைத்து விசாரித்திருப்பார். நம்பிக்கை இருந்ததால் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்றார்.

"என் தம்பி எடுக்கல. ஊருக்குச் சந்தேகம் வேணாம். அவன் பொண்ணப் போட்டுத் தாண்டுவான்."

பிள்ளையைப் போட்டுத் தாண்டுவது அந்தப் பக்கத்தில் பெரிய சத்தியம். பெற்ற பிள்ளையை அம்மன் வாசற்படியில் கிடத்தி, நான் செய்யவில்லை என்று சொல்லி, அதன்மேல் கால் தூக்கித் தாண்ட வேண்டும். சொன்னது பொய்யானால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது. அதற்கு மேல் எந்த ஊரும் கேள்வி கேட்காது. எல்லார் வாயையும் ஒரே அடியில் அடைத்துவிட வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். தம்பியிடம் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அண்ணன் சொன்னால் தம்பி செய்வான். அவர்கள் வீட்டில் அப்படித்தான்.

தாமே தம்பி வீட்டுக்குப் போனார். நாலு வயதுத் தென்றல் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கிவந்து, தன் தோள் துண்டை வாசற்படியில் விரித்து அதில் கிடத்தினார். பின்னால் தம்பி மனைவி கோவிந்தம்மா ஓடிவந்தாள். கூட்டத்தைக் கண்டதும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

நாகப்பன் குழந்தையைப் பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான்.

"நான் எடுக்கலண்ணா."

"அத்தத் தாண்டிட்டுச் சொல்லு."

"தாண்டமாட்டேன்."

அதற்குள் தென்றல் விழித்துக்கொண்டாள். சுற்றி நின்ற கால்களைப் பார்த்து அழத் தொடங்கினாள். நாகப்பன் குனிந்து அவளை எடுத்துத் தோளில் உட்கார வைத்தான். இடுப்பிலிருந்த கோயில் சாவியைக் கழற்றி, அவள் படுத்திருந்த துண்டின் மேல் வைத்தான். கூட்டம் விலகியது. அவன் சாலையில் இறங்கி நடந்தான். கோவிந்தம்மா பின்னாலேயே போனாள்.

தணிகாசலத்துக்கு உடம்பு முழுக்கத் தீப்பிடித்ததுபோல் இருந்தது. எடுக்காதவனுக்குத் தாண்டப் பயம் எதற்கு? ஊர் முழுக்க அந்தக் கேள்வியை அவர் முகத்தில் வாசித்தது. ஊரின் முகத்தில் அவரும் அதையே வாசித்தார்.

"இனிமே எனக்குத் தம்பி இல்ல" என்றார். அதையும் ஒரே தடவைதான் சொன்னார்.

புதிதாக ஒரு பொட்டு செய்து அம்மனுக்குப் போட்டார். நாகப்பன் பெயரை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அவர்களுடைய தாய் மட்டும் ஒருநாள், சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு மகனைக் கேட்டாள். "புள்ளயத் தாண்ட மனசு வராதவன் சாமி கழுத்துல கை வெப்பானாடா?" பெற்றவள் அப்படித்தான் பேசுவாள் என்று அவர் எழுந்து போய்விட்டார். அதன்பின் அவள் அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். மூன்றாம் ஆண்டு போய்ச் சேர்ந்தாள்.

தகப்பனுக்கு மூத்தவனும் தாய்க்கு இளையவனும் நெருப்பு வைப்பது அவர்கள் வகையறா வழக்கம். நாகப்பனுக்குச் சொல்லியனுப்பலாமா என்று மனைவி முனியம்மாள் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தயங்கினாள். அவர் யாருக்கும் சொல்லியனுப்பவில்லை. தாமே தலையை மழித்துக்கொண்டு கொள்ளிச்சட்டி தூக்கினார். சிதையை நெருங்கியபோது ஏரிக்கரை மேல் ஒருவன் நிற்பது தெரிந்தது. நீலக் காவலாளிச் சீருடை. கையில் தொப்பி. வேலை பாதியில் ஓடிவந்திருக்கிறான். தணிகாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நெருப்பை வைத்தார். திரும்பிப் பார்த்தபோது கரை காலியாக இருந்தது.

இப்போது பொட்டு கிடைத்துவிட்டது.

அன்று மாலையே கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். எல்லோர் முகத்திலும் ஒரு புதுத் தெளிவு. ஒருவர், நாகப்பன் அடுத்தவர் தூசியைக்கூடத் தொடாத பிள்ளை என்று அப்போதே தன் மனைவியிடம் சொன்னதாகச் சொன்னார். இன்னொருவர், காலம் அப்படி இருந்தது, யார் என்ன செய்ய முடியும் என்றார். நேரம் சரியில்லை என்றார் வேறொருவர். கண் பட்டுவிட்டது என்றும் ஒரு பேச்சு வந்தது. ஏழு ஆண்டுகளை ஆளுக்கொரு மூலையைப் பிடித்து உதறி மடித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ரகுபதி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேன், நாகப்பன் அப்படிப்பட்டவன் இல்லன்னு."

"நீ சொல்லல. நான் சொன்னேன், ஆனா அதுல நிக்கல. நடந்தத மாத்தாத."

ரகுபதி சிரித்துச் சமாளித்தார். வந்த காரியம் வேறு. கும்பாபிஷேகத்துக்கு மந்திரி வராவிட்டாலும் சுற்றுவட்டாரம் முழுக்க வரும். அன்றைக்கு இதை அம்மனின் திருவிளையாடலாக அறிவித்துவிடலாம். தன் பொட்டைத் தானே ஏழு வருடம் ஒளித்து வைத்துக்கொண்டு, புதுக்கோயில் கட்டும்போது காட்டிக்கொடுத்தாள் என்று ஒரு பெரிய போர்டு வைக்கலாம். கோயிலுக்குப் பேர். யார் மேலும் பழியில்லை. "உங்க குடும்பத்துக்கும் கௌரவமா இருக்கும். காப்புப் போட்ட கை யாருதுன்னு எவனும் கேக்கமாட்டான்" என்று முடித்தார்.

அந்தக் கடைசி வார்த்தைக்குத் தணிகாசலம் தலை நிமிர்ந்தார். ஆனால் மறுக்கவில்லை. வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார். உண்மையாகவே யோசித்தார். அந்த வழி நல்ல வழியாகத்தான் இருந்தது. மகன் கலைமணிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் சமயம். பெரியவர் சொந்தத் தம்பியை வீணாகத் துரத்தியவர் என்று ஒரு பேச்சு கிளம்புவதைவிட, அம்மன் விளையாடினாள் என்பது எவ்வளவோ மேல். நாகப்பன் பெயரும் ஒருவகையில் சுத்தமாகிவிடும்.

முனியம்மாள் சோறு போடும்போது சொன்னாள். "மொதல்ல போயி அவரக் கூட்டினு வாங்க. அப்புறமா அம்மனப் பத்திப் பேசலாம்."

ஏழு ஆண்டுகளில் அவள் அந்தப் பேச்சை எடுத்தது அதுவே முதல் முறை.

நாகப்பன் இருக்கும் இடம் அவருக்குத் தெரியாமல் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கட்டிவிட்டிருந்த அறைகளில் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களில் வேல்ராஜ் போன ஆண்டே சொல்லியிருந்தான். "எங்க கம்பெனி கேட்டுல நாகப்பன் அண்ணாச்சின்னு ஒருத்தர் இருக்காவ, பெரியவரே. நடந்து வந்தாவன்னா அப்படியே ஒங்கள மாதிரியே இருக்கும்." அவர் காது கேட்காதவர்போல மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். இப்போது அவனை அழைத்து விலாசம் கேட்டார். குன்றத்தூர் மலையடியில் வீடு என்றான்.

பேருந்தில் போகும்போது சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். போனதெல்லாம் போகட்டும் என்று ஆரம்பிக்கலாமா? போனது யாருக்கு என்று அவனே கேட்டால்? ஏதோ நடந்துவிட்டது என்று சொல்லலாம். ஏதோவா நடந்தது? மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்வதற்கு இவர் யார்? ஒவ்வொரு சொல்லையும் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் அது இவரைக் காப்பாற்றத்தான் வந்தது. தவறு செய்தவன் பேசுவதற்கென்று அந்த வீட்டில் யாரும் சொல் சேர்த்து வைத்திருக்கவில்லை. அவர்கள் மற்றவர்கள் தவறைத் தீர்த்துச் சொல்லித்தான் பழக்கப்பட்டவர்கள்.

வரிசையாக ஐந்தாறு குடித்தனங்கள் இருந்த ஒரு சந்து. கோவிந்தம்மா குடத்தோடு வெளியே வந்தவள் அவரைப் பார்த்துவிட்டுக் குடத்தைக் கீழே வைத்தாள். தலைமுடி நரைத்திருந்தது. முகத்தில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. "உக்காருங்க" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினாள். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். முன்பெல்லாம் மாமா என்றுதான் அழைப்பாள். இன்று எந்த உறவும் சொல்லாமல் பேசினாள்.

உள்ளே பள்ளிச் சீருடையில் ஒரு பெண் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தணிகாசலத்தின் தாயின் நெற்றி.

"யாரும்மா?"

"உங்க அப்பா ஊர்க்காரரு."

சொம்பைத் தூக்கப்போன தணிகாசலத்தின் கை அப்படியே நின்றது. பெரியப்பா என்று ஒரு சொல். அதைக் கோவிந்தம்மா மறக்கவில்லை, சொல்லாமல் எடுத்து வைத்துக்கொண்டாள். அவர் திருத்தவில்லை. திருத்த அவருக்கு என்ன இருக்கிறது?

ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஊர் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. ரிப்பனை வாயில் கவ்வியபடியே வாசலுக்கு வந்தாள்.

"கோயிலு, ஏரி எல்லாம் கீதே அந்த ஊரா? எனுக்கு ஒன்னே ஒன்னுதான் ஞாபகம். அப்பா என்னத் தோள்ல ஒக்கார வெச்சிகினு ரோடு மேலயே நடந்துகினே இருந்தாரு. ரொம்ப தூரம். லாரிக்காரங்கல்லாம் எனுக்கு ஹாரன் அடிச்சாங்க. நடுவுல ஐஸ் வாங்கிக் குடுத்தாரு. அம்மா அழுவுது, அப்பா பாட்டு பாட்றாரு. அந்த மாதிரி இன்னொரு தபா தூக்கச் சொன்னா முதுகு வலிக்குதுன்றாரு."

கோவிந்தம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தணிகாசலத்தின் நினைவில் அந்த நாள் ஒரு வாசற்படி, ஒரு துண்டு, ஒரு சாவி. இந்தக் குழந்தைக்கு அது ஐஸ் தின்ற நாள். இரண்டுக்கும் நடுவில் அவர் தம்பி, ஊர் முழுக்கத் திருடன் என்று பார்த்த கண்களைச் சுமந்துகொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே நடந்திருக்கிறான். அது அவருக்கு எட்டக் கொஞ்ச நேரம் பிடித்தது. எட்டியபின் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

"அவருக்கு இன்னிக்கி மட்டும் காலை ஷிப்டு. கம்பெனிக்குப் போயி பாத்துக்குங்க" என்றாள் கோவிந்தம்மா. வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து அவள் குரல் மறுபடியும் வந்தது. "இவளுக்கு எதுவும் தெரியாது. தெரிய வேணாம்னு சொல்லியிருக்காரு."

ஒரகடத்தில் வெயில் கொளுத்தியது. புதுச் சுற்றுச்சுவர்களும் பொட்டல் வெளியும் மாறி மாறி வந்தன. கார் பாகங்கள் செய்கிற அந்தக் கம்பெனியின் கேட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. தடுப்புக் கம்பத்தைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தவன் நாகப்பன்தான். நெஞ்சு ஒடுங்கியிருந்தது. ஆனால் முதுகு நேராக இருந்தது. வேல்ராஜ் சொன்னது பொய்யில்லை.

"யாரைப் பாக்கணும்?" என்றான் நாகப்பன். கண் அவர்மேல் இருந்தும் குரல் கேட்டுக்காரனுடையதாக இருந்தது.

"உன்னத்தான்."

"டூட்டில கீறேன். ஓரமா நில்லுங்க."

வாழ்நாளில் யார் வாசலிலும் ஓரமாக நிற்காத தணிகாசலம், வேலை கேட்டு வந்த பையன்களோடு சுவரோரம் நின்றார். மூன்று லாரிகள் உள்ளே போயின. வண்டி ஓய்ந்தபின் நாகப்பன் ஒரு டம்ளர் டீயோடு வந்தான். அவரிடம் கொடுத்தான்.

"பொட்டு கெடச்சிது" என்றார்.

"தெரியும். வேல்ராஜு சொன்னான்."

"காப்புக்குள்ளயே இருந்துது. நான் போட்ட காப்பு."

"அதுவும் சொன்னான்."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த எதுவும் வாய்க்கு வரவில்லை. அவர் காரியத்துக்கு வந்தார். கும்பாபிஷேகத்துக்கு அவன் குடும்பத்தோடு வர வேண்டும். பரிவட்டம் இந்த முறை அவனுக்குத்தான். சாவியும் அவன் கையில்தான். சொல்லச் சொல்ல அவருக்கே குரல் பழையபடி கெட்டிப்பட்டது. தீர்ப்புச் சொல்லும் குரல். நாகப்பன் குறுக்கிடாமல் கேட்டான்.

"ஒன்னு கேக்கறேன். பொட்டு கெடைக்காமப் போயிருந்தா வந்திருப்பியா?"

நீங்கள் போய் நீ வந்துவிட்டது. அது அவருக்கு ஒரு கணம் இதமாக இருந்தது. அடுத்த கணம்தான் கேள்வி உறைத்தது. வந்திருப்பேன் என்று ஒரு வார்த்தை போதும். தம்பி அதை எதிர்பார்த்துக்கூட இருக்கலாம். ஆனால் அவருக்குத் தெரியும். அந்தச் சந்தனக் கட்டி உதிராமல் இருந்திருந்தால் அவர் சாகும்வரை இந்தக் கேட்டுப் பக்கம் வந்திருக்கமாட்டார்.

"வந்திருக்கமாட்டேன்."

நாகப்பன் மெல்லத் தலையாட்டினான். உதட்டோரம் சிரிப்புப்போல ஒன்று வந்து போயிற்று.

"இதுக்குத்தான் உன்னப் புடிக்கும்ணா. உனக்குப் பொய் வராது. எனுக்கும் வராது. அன்னிக்கி எடுக்கலன்னு ஒரு தபா சொன்னேன். உன்கிட்ட ஒரு தபா சொன்னாப் போதும்னு நெனச்சேன்."

டீ அவர் கையில் ஆறிக்கொண்டிருந்தது. இன்னொரு லாரி வந்தது. நாகப்பன் போய்க் கம்பத்தைத் தூக்கிவிட்டுத் திரும்பி வந்தான். விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல, அவரைப் பார்க்காமல் பேசினான்.

"பரிவட்டம் குடுக்கற. சாவி குடுக்கற. அம்மாவுக்கு நெருப்பு வெக்கறது என் மொறை. அத்த எப்பிடிக் குடுப்ப?"

நாகப்பன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கோபத்தில் சொல்லவில்லை என்றும், அந்தக் கோயில் படியை மிதிக்கக் கால் வராது, அவ்வளவுதான் என்றும் சொன்னான். பிறகு, பக்கத்து வீட்டு விஷயம் பேசுவதுபோல ஒன்று சொன்னான். "தெனமும் மத்தியானம் ரெண்டாம் ஷிப்டு பஸ்ஸு நம்மூரு வழியாத்தான் வருது. கோயில் பக்கத்து சீட்டுல ஒக்காரமாட்டேன். அந்தாண்ட பக்கம் ஒக்காந்துக்குவேன்."

"நாகப்பா…"

"வெயில்ல நிக்காத. ஒடம்பப் பாத்துக்கோ" என்று டம்ளரை வாங்கிக்கொண்டு கேட்டுக்குப் போய்விட்டான்.

ஆவணியில் கும்பாபிஷேகம். காலையிலேயே கலசத்துக்குத் தண்ணீர் ஊற்றி, சாப்பாட்டுப் பந்தி முடிந்து, மரியாதை செய்வதற்குக் கூட்டம் மறுபடியும் கோயில் முன் கூடியது. சாலையோரத்தில் ரகுபதி வைத்த பெரிய போர்டில் அம்மன் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே பொட்டின் படம். தணிகாசலம் அதுவரை கமிட்டிக்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மரியாதையை மட்டும் மதியம் தாண்டி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. பெரியவர் சொன்னார், வைத்துக்கொண்டார்கள். ஒலிபெருக்கிக்காரனை அழைத்து, கூட்டத்தைப் பார்த்திருந்த குழாய்களில் ஒன்றைச் சாலைப் பக்கம் திருப்பிக் கட்டச் சொன்னதையும் யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

பூசாரி பரிவட்டத்தை எடுத்துவந்தார். தணிகாசலம் தலையைக் குனியவில்லை. துணியைக் கையில் வாங்கிக்கொண்டு மைக்கைக் கேட்டார். சாலையில் தூரத்தில் கம்பெனி பஸ்ஸின் வெள்ளை முகம் தெரிந்தது.

"ஏழு வருசத்துக்கு முன்னால காணாமப் போன பொட்டு" என்று ஆரம்பித்தார். ரகுபதி பக்கத்தில் வந்து, "அம்மன் திருவிளையாடல்னு சொல்லுங்க" என்று காதில் முணுமுணுத்தது மைக்கில் கேட்டது.

"அம்மன் வெளையாடல. காப்பு போட்டது என் கை. நல்லாத் தேடாம வுட்டது என் கண்ணு. என் தம்பி நாகப்பன் எடுக்கலன்னு சொன்னான். அது போதலன்னு அவன் கொழந்தையத் தூக்கியாந்து இந்தப் படில போட்டவன் நான். அவன் தாண்டல. பெத்த புள்ளயத் தாண்ட மனசு வரலன்னா அது குத்தம்னு நெனச்சேன். அது குத்தம் இல்லன்னு எங்க அம்மா சொன்னாங்க. கேக்கல. அவங்களுக்கு நெருப்பு வெக்கறது என் மொறை இல்ல. தம்பி மொறைய நான் எடுத்துக்கினேன். எங்க ஊட்ல களவு போனது அது ஒன்னுதான்."

கலைமணி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். முனியம்மாள் பெண்கள் பக்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எங்கேயோ ஒரு குழந்தை பலூன் கேட்டு அழுதது.

பஸ் வந்துவிட்டது. சாலையை அடைத்து நின்ற கூட்டத்தைக் கண்டு வேகம் குறைத்து, ஊர்ந்து நகர்ந்தது. கோயில் பக்கத்து ஜன்னல்களில் தெற்கத்திப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஊர் முனையில் ஏறியிருந்த வேல்ராஜ் கை காட்டுவது தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால், அந்தப் பக்கத்து இருக்கைகள் இருட்டாக இருந்தன. நீலச் சட்டை ஒன்று தெரிந்ததுபோல் இருந்தது. இருக்கைத் துணியாகவும் இருக்கலாம்.

தணிகாசலம் பரிவட்டத் துணியைக் கையில் பிடித்தபடி, மைக்கை வாய்க்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோனார்.

"என் தம்பி எடுக்கல" என்றார்.

பஸ் கூட்டத்தைக் கடந்து வேகம் பிடித்தது.

"என் தம்பி நாகப்பன் எடுக்கல."

சொன்னதையே சொல்கிறாரே என்று ரகுபதி மைக்குக்குக் கை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை. பஸ் ஏரிக்கரைத் திருப்பத்தில் மறையும்வரை, ஒரு தடவைக்கு மேல் எதையும் சொல்லிப் பழகாத அந்த மனிதர், அதையே மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார்.